நாவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராக் கேட்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

1978 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு புதுப் பாடகியின் முதல் சிங்கிள் வெளிவந்தது. பாடகி கேட் புஷ், வயது 19. பாட்டின் பெயர் 'வுதரிங் ஹைட்ஸ்'. எமிலி ப்ராண்டி 1847இல் வெளியிட்ட நாவலின் பெயரை அப்படியே எடுத்து வைத்திருந்தார். இசைத்தட்டு நிறுவனம் வேறொரு பாட்டைத்தான் முதலில் விட நினைத்தது. இதுதான் போக வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதம் பிடித்தார். மார்ச்சில் பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடத்துக்குப் போய் நான்கு வாரம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. தானே எழுதிய பாட்டோடு அந்த இடத்தைப் பிடித்த முதல் பெண் அவர்தான்.

அந்த நாலரை நிமிடத்தைக் கேட்டு நாவலின் கதையைத் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு வீடுகள், இரண்டு தலைமுறைகள், சொத்தைப் பறிக்கும் சூழ்ச்சி, கதையைச் சொல்லும் வேலைக்காரி நெல்லி டீன் என்று எதுவுமே அதில் கிடையாது. கூத்துக்காரர்கள் பாரதம் முழுவதையும் ஒரே இரவில் ஆடிவிட மாட்டார்கள். கர்ண மோட்சத்தை எடுத்துக்கொண்டு விடியவிடிய ஆடுவார்கள். ராக் இசைக்காரர்கள் நாவலிடம் நடந்துகொள்வதும் அப்படித்தான். ஒரு காட்சியைப் பிடிப்பார்கள். பேசுகிற ஆளை மாற்றுவார்கள். மிச்சத்தை வாத்தியங்களிடம் விட்டுவிடுவார்கள். இதைக் காதால் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

தேவையானவை அதிகம் இல்லை. நாவல், பாடல் வரிகள், ஒரு நல்ல ஹெட்ஃபோன். வரிகளை அச்சில் வைத்துக்கொள்வது முக்கியம். ராக் பாடகர்கள் பாடுவதில் பாதி காதில் விழாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் விழாது.

ஏன் குறிப்பாக ராக்? இரண்டு பொருள்கள் கைக்கு வந்ததை முக்கியமான காரணங்களாகச் சொல்வேன். ஒன்று, 1948இல் வந்த எல்.பி. இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்ததும், மூன்று நிமிடக் காதல் பாட்டைத் தாண்டி யோசிக்க முடிந்தது. இன்னொன்று மலிவு பேப்பர்பேக். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-55இல் கெட்டி அட்டையில் வந்த புத்தகம். 1965இல் அமெரிக்காவில் பேப்பர்பேக் வந்த பிறகுதான் கல்லூரி விடுதிகளில் பரவியது. நான்கே வருடத்தில் லெட் செப்பல் என்ற ராக் குழுவின் பாட்டில் அந்த நாவலின் மோர்டார் என்ற இருண்ட நாடும் கொல்லம் என்ற பாத்திரமும் வந்து நின்றன. பள்ளியில் படித்த புத்தகங்களுக்கும் பங்கு உண்டு. பாப் டிலன் 2017இல் அளித்த நோபல் உரையில் 'மோபி டிக்', 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்', 'ஒடிஸி' ஆகிய மூன்றையும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தன்னோடு வந்தவை என்று எடுத்துப் பேசினார்.

படி 1: பெயர்க் கடனை ஒதுக்கி வையுங்கள்

நாவலின் பெயர் இருப்பதாலேயே நாவல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. யூரியா ஹீப் என்ற பிரிட்டிஷ் ஹார்ட் ராக் குழு டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் வரும் குழையும் குமாஸ்தாவின் பெயரை எடுத்துக்கொண்டது. அதற்கு மேல் டிக்கன்ஸோடு பெரிய உறவு இல்லை. ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் பெயர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 1927 நாவலிலிருந்து வந்தது. லெட் செப்பலின் 'மோபி டிக்' இன்னும் வேடிக்கை. 1969இல் வந்த அந்தத் தடத்தில் ஒரு சொல்கூடப் பாடப்படவில்லை. ஜான் பான்ஹமின் டிரம் தனி ஆவர்த்தனம்தான் பெரும்பகுதி. பெரியது, முரட்டுத்தனமானது என்பதற்கு மேல், திமிங்கிலத்தைப் பற்றிய அந்த நாவலை எழுதிய மெல்வில் அங்கே தேவைப்படவில்லை.

அதே ஆல்பத்தில் உள்ள 'ராம்பிள் ஆன்' பாட்டை நடுவாந்தரமான கடன் எனலாம். மோர்டாரின் ஆழத்தில் ஓர் அழகியைச் சந்தித்ததாகவும் கொல்லம் வந்து அவளைத் தட்டிக்கொண்டு போனதாகவும் ராபர்ட் பிளான்ட் பாடுகிறார். டோல்கீனைப் படித்தவர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். கொல்லத்துக்குப் பெண்ணாசை எங்கிருந்து வந்தது? ஊர் சுற்றும் காதலனின் பாட்டுக்கு நாவலிலிருந்து இரண்டு பெயர்களை ஒட்டவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கேட்க நன்றாக இருக்கும், தோண்ட ஒன்றும் கிடைக்காது. இப்படிப்பட்டவற்றை முதலிலேயே பிரித்துவிட்டால் நேரம் மிச்சம்.

படி 2: எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தேடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நல்ல நாவல் பாட்டுக்கு நாவலுக்குள் ஒரு குறிப்பிட்ட முகவரி இருக்கும்.

'வுதரிங் ஹைட்ஸ்' நாவலின் மூன்றாம் அத்தியாயத்தைத் திறங்கள். பனியில் மாட்டிக்கொண்ட லாக்வுட் என்ற குத்தகைக்காரர் ஹீத்க்ளிஃபின் வீட்டில் இரவு தங்குகிறார். படுக்கையை ஒட்டிய ஜன்னல் விளிம்பில் கேத்தரின் என்ற பெயர் திரும்பத் திரும்பக் கீறப்பட்டிருக்கிறது. தூக்கத்தில், மரக்கிளை ஒன்று கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்கிறது. கிளையைப் பிடிக்கக் கண்ணாடியை உடைத்துக் கையை வெளியே நீட்டுகிறார். விரல்களில் சிக்குவது சில்லிட்டுப்போன ஒரு சின்னக் கை. என்னை உள்ளே விடு என்று ஒரு குரல் விம்முகிறது. வீட்டுக்கு வந்துவிட்டேன், பொட்டல்வெளியில் வழி தவறிவிட்டேன் என்கிறது. பயந்துபோன லாக்வுட் அந்தக் கையின் மணிக்கட்டை உடைந்த கண்ணாடியில் வைத்துத் தேய்க்கிறார், படுக்கை ரத்தத்தில் நனையும்வரை.

கேட் புஷ்ஷின் பல்லவி முழுக்க இந்த இரண்டு பக்கம்தான். கேத்தி வந்திருக்கிறேன், குளிருகிறது, ஜன்னல் வழியாக உள்ளே விடு. ஆனால் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. நாவலில் உள்ளே இருப்பவர் அவளுக்கு யாரென்றே தெரியாத லாக்வுட். பாட்டில் அவள் ஹீத்க்ளிஃபைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். நாவலில் ஹீத்க்ளிஃப் பிறகுதான் வருகிறான். லாக்வுட்டை அறையை விட்டு அனுப்பிவிட்டு, ஜன்னலைப் பிய்த்துத் திறந்து, உள்ளே வா கேத்தி என்று கதறுகிறான். வருவது பனியும் காற்றும் மட்டும், விளக்கு அணைகிறது. அதாவது இருவரும் ஒரே ஜன்னலுக்கு வருகிறார்கள், சற்று நேர வித்தியாசத்தில் ஒருவரை ஒருவர் தவறவிடுகிறார்கள். அந்த இடைவெளியைப் பாட்டு மூடிவிடுகிறது. நாவலின் அந்த ஜன்னலில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத இரண்டு பேரில் ஒருத்தி இங்கே நேராகப் பேசுகிறாள். என்னைக் கேட்டால், நாவலைத் தழுவிய ராக் பாட்டுகளில் இதைவிடக் கூர்மையான வாசிப்பு வேறு இல்லை.

மெட்டாலிக்காவின் 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' (1984) இன்னொரு நல்ல பயிற்சி. ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் பற்றி ஹெமிங்வே 1940இல் எழுதிய நாவல் அது. நாயகன் ராபர்ட் ஜோர்டான், பாலத்தைத் தகர்க்க வந்த அமெரிக்கன். பாட்டில் ஜோர்டானும் இல்லை, பாலமும் இல்லை, காதலும் இல்லை. ஒரு குன்று, அதன்மேல் ஐந்து பேர், வானத்தைப் பார்க்கச் சொல்லும் ஒரு வரி. 27ஆம் அத்தியாயத்துக்குப் போனால் விடை கிடைக்கும். எல் சோர்டோ என்ற கெரில்லாத் தலைவன் குன்றின் உச்சியில் சுற்றி வளைக்கப்படுகிறான். உச்சியை எட்டியவர்கள் ஐந்து பேர், அதில் மூவருக்குக் காயம். கடைசியில் விமானங்கள் வருகின்றன. தொலைவில் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஜோர்டான் உதவிக்குப் போக முடியாமல் நிற்கிறான். நாயகனைத் தள்ளிவைத்துவிட்டு, அவனால் காப்பாற்ற முடியாமல் போனவர்களைப் பாட்டு எடுத்துக்கொள்கிறது.

செய்முறை எளிது. வரிகளில் இருக்கும் இடம், எண்ணிக்கை, பொருள் மூன்றையும் கோடிடுங்கள். குன்று, ஐந்து, வானம். ஜன்னல், குளிர், பொட்டல்வெளி. அப்புறம் நாவலில் இவை சேர்ந்து வரும் அத்தியாயத்தைத் தேடுங்கள். மின்னூலாக இருந்தால் இன்னும் சுலபம்.

படி 3: யார் பேசுகிறார்கள்?

பாட்டில் வரும் 'நான்' யார் என்று கேளுங்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் 'சிம்பதி ஃபார் தி டெவில்' (1968) இதற்குச் சரியான பாடம். மிகயீல் புல்ககோவ் 1928இல் தொடங்கி 1940இல் சாகும்வரை எழுதிக்கொண்டிருந்த நாவல் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்'. தணிக்கைக் கத்தரிக்குப் பிறகு மாஸ்கோவில் ஓர் இதழில் 1966-67இல் தான் வெளியானது. 1967இல் ஆங்கிலத்துக்கு வந்தது. பாடகி மரியான் ஃபெய்த்ஃபுல் அதைத் தன் காதலரும் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகருமான மிக் ஜாகரிடம் கொடுத்தார். ஜாகர் பின்னாளில் பிரெஞ்சுக் கவிஞர் போதலேரையும் ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார் என்பதால், நாவலை ஒரே மூலம் என்று சாதிக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டுப் பாட்டைப் போட்டால் சந்தேகம் குறைந்துவிடும்.

மாஸ்கோவில் வெக்கையான ஒரு வசந்தகால மாலை. குளக்கரைப் பூங்காவில் இரண்டு இலக்கியவாதிகள் உட்கார்ந்து ஏசு என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். விலை உயர்ந்த சாம்பல் நிற உடையும் நாய்த்தலைப் பிடி போட்ட கைத்தடியுமாக ஓர் அந்நியர் வந்து, மரியாதையாக அனுமதி கேட்டு, நடுவில் உட்கார்கிறார். ஏசுவைப் பிலாத்து விசாரித்தபோது நான் அங்கேதான் இருந்தேன் என்கிறார். அவர் நீட்டும் விசிட்டிங் கார்டில் பெயரின் முதல் எழுத்தை மட்டுமே அந்த இருவரில் ஒருவனான கவிஞன் பார்த்துக்கொள்கிறான். பாட்டிலும் ஒரு கனவான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார், பெயரை மட்டும் நம்மை ஊகிக்கச் சொல்கிறார், பிலாத்து கை கழுவியதைப் பார்த்ததாகச் சொல்கிறார்.

நாவலில் சாத்தானை வெளியிலிருந்து பார்க்கிறோம். ஜாகர் சாத்தானுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அதனால் குற்றச்சாட்டு கேட்பவர் பக்கம் திரும்புகிறது. 1968 ஜூனில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தபோது, ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்த அதிபர் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். கென்னடியைக் கொன்றது யார் என்றிருந்த வரி, கென்னடிகளைக் கொன்றது யார் என்று பன்மையானது. அதற்குப் பாட்டு சொல்லும் பதிலில் நீங்களும் நானும் இருக்கிறோம். புல்ககோவின் சாத்தான் மாஸ்கோவின் சின்னத்தனங்களை அம்பலப்படுத்த வந்தவர். இவர் நம்மையும் கூட்டாளியாக்கிவிட்டுப் போகிறார்.

பேசும் ஆள் யாரென்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு தி க்யூர் குழுவின் முதல் சிங்கிளைப் பாருங்கள். 1978 டிசம்பரில் வந்த 'கில்லிங் அன் அராப்', ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' (1942) நாவலின் கடற்கரைக் காட்சி. கண்ணைக் குத்தும் வெயில், கையில் துப்பாக்கி, மணலில் ஒரு அராபியன். பாடும் 'நான்', அவனைச் சுடும் நாவலின் நாயகன் மெர்சோ. நாவல் தெரியாதவர்களுக்குத் தலைப்பு வெறுப்புக் கோஷமாகத்தான் கேட்டது, சிலர் அப்படியே பயன்படுத்தவும் செய்தார்கள். 1986இல் அமெரிக்காவில் தொகுப்பு ஆல்பம் வந்தபோது அரபு அமெரிக்க அமைப்பின் எதிர்ப்பால் உறையில் விளக்க ஸ்டிக்கர் ஒட்டவேண்டி வந்தது. பின்னாளில் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் மேடையில் சொல்லை மாற்றிப் பாடினார்.

பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் நாவலிலேயே சுடப்பட்டவனுக்குப் பெயர் கிடையாது. அல்ஜீரிய எழுத்தாளர் கமேல் தாவூத் 2013இல் எழுதிய 'மெர்சோ விசாரணை' நாவல், இறந்தவனுக்கு மூசா என்று பெயர் வைத்து அவன் தம்பியைப் பேசவிட்டது. தலைப்பு ஏன் உறுத்துகிறது என்பதை அந்த நாவலைப் படித்த பிறகு யோசித்துப் பாருங்கள். 'அந்நியன்' பிரெஞ்சிலிருந்து நேரடியாக வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் தமிழில் இருக்கிறது. சின்னப் புத்தகம், இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம்.

படி 4: வரிகளை மூடிவைத்துவிட்டு வாத்தியத்தைக் கேளுங்கள்

நாவலாசிரியருக்கு வர்ணனை இருக்கிறது, ராக் குழுவுக்கு ஒலி இருக்கிறது. இந்தப் படிக்கு மெட்டாலிக்காவின் 'ஒன்' பொருத்தம். டால்டன் ட்ரம்போ 1939இல் எழுதிய 'ஜானி காட் ஹிஸ் கன்' நாவலில் ஜோ பான்ஹம் என்ற சிப்பாய் முதல் உலகப்போரில் குண்டுவீச்சில் கை, கால், கண், காது, வாய் எல்லாம் இழந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். மூளை மட்டும் முழுசாக வேலை செய்கிறது. தலையைத் தலையணையில் தட்டித் தட்டி மோர்ஸ் குறியீட்டில் பேசக் கற்றுக்கொள்கிறான்.

பாட்டு தூரத்துப் போர்ச் சத்தத்தோடு தொடங்கும். பிறகு சுத்தமான, மெதுவான கிட்டார். ஏழு நிமிடப் பாட்டில் ஏறக்குறைய பாதி வரை சோகப் பாட்டு என்றே நினைப்போம். அப்புறம் இரட்டை பேஸ் டிரம்மில் லார்ஸ் உல்ரிக் ஒரு தாளத்தைத் தொடங்குகிறார். கொத்துக் கொத்தாக, நடுவில் இடைவெளி விட்டு. கிட்டார்களும் அதே கொத்துகளைப் பிடித்துக்கொள்கின்றன. இயந்திரத் துப்பாக்கி என்று பலரும் சொல்வார்கள், சரிதான். எனக்கு அது தலை தலையணையில் மோதும் சத்தமாகவும் கேட்கும். இடைவெளி விட்டுத் தட்டுவதுதானே மோர்ஸ்? இசைக்குழு அப்படி நினைத்துச் செய்ததா என்பது வேறு விஷயம். நாவலைப் படித்த காதுக்கு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் நிஜமாகவே மணி அடிக்கிறது. அதன் பின்னால் நெளிந்துகொண்டு வருவது கிட்டார் என்று நினைக்காதீர்கள். கிளிஃப் பர்ட்டன் டிஸ்டார்ஷன் போட்டு வாசித்த பேஸ் அது. 'சிம்பதி ஃபார் தி டெவில்' பாட்டில் சாத்தானுக்கு இருண்ட இசை போடவில்லை, பிரேசிலின் நடனத் தாளமான சாம்பாவைப் போட்டார்கள். அந்தப் பாட்டு மெதுவான நாட்டுப்புற மெட்டாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பாவாக மாறியதைப் பிரெஞ்சு இயக்குநர் ழான்-லுக் கோதார் ஸ்டுடியோவிலேயே படம் பிடித்திருக்கிறார். ஆடவைக்கும் சாத்தான்தான் ஆபத்தானவர் என்று அவர்கள் காதுக்குத் தெரிந்திருக்கிறது.

படி 5: பொருந்தாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

நாவலோடு ஒத்துப்போகும் இடங்களைவிட முரண்படும் இடங்கள்தான் எனக்கு அதிகம் சொல்லும். ஜெஃபர்சன் ஏர்பிளேனின் 'வைட் ராபிட்' (1967) லூயிஸ் கரோலின் இரண்டு ஆலிஸ் புத்தகங்களையும் கலந்து எழுதப்பட்டது. எழுதிப் பாடியவர் கிரேஸ் ஸ்லிக். பல்லவி இல்லாமல், பொலேரோ தாளத்தில், இரண்டரை நிமிடம் ஏறிக்கொண்டே போகும் பாட்டு.

அதில் தலையை வெட்டச் சொல்பவள் சிவப்பு ராணி. புத்தகத்தில் அந்த ஆணையைப் போட்டுக்கொண்டே இருப்பவள் முதல் நூலின் சீட்டுக்கட்டு ஹார்ட்டின் ராணி. சிவப்பு ராணி இரண்டாம் நூலின் சதுரங்கக் காய். இருவரும் வேறு வேறு. புத்தகத்தில் மாத்திரையும் கிடையாது. புட்டி, கேக், காளான்தான். ஸ்லிக் மாத்திரையோடு தொடங்குவதிலேயே 1967ஆம் வருட சான்பிரான்சிஸ்கோவின் போதைக் கலாசாரம் தெரிந்துவிடுகிறது.

இன்னும் சுவாரஸ்யம் பாட்டின் முடிவு. டார்மவுஸ் என்ற எலி சொன்னதை நினைவில் வை, உன் தலைக்குத் தீனி போடு என்று உச்சத்தில் கத்துகிறார். கரோலின் எலி அப்படிச் சொல்லவே இல்லை. முதல் நூலின் பதினோராம் அத்தியாயத்தில், நீதிமன்றத்தில் தொப்பிக்காரன் சாட்சி சொல்கிறான். டார்மவுஸ் என்ன சொன்னது என்று ஜூரி ஒருவர் கேட்கிறார். அது எனக்கு நினைவில்லை என்கிறான். கரோல் வேண்டுமென்றே காலியாக விட்ட அந்த இடத்தில் ஸ்லிக் தன் காலத்தின் கோஷத்தை எழுதிவைத்துவிட்டார். அவர் தெரிந்து செய்தாரோ இல்லையோ, இதற்கு மேல் ஒரு பாட்டு நாவலை எப்படிப் படிக்க முடியும்?

பிங்க் ஃப்ளாய்டின் 'அனிமல்ஸ்' (1977) வேறு மாதிரி. ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' (1945) சாயலில் நாய்கள், பன்றிகள், ஆடுகள் என்று மூன்று நீண்ட பாட்டுகள். ஆனால் நாய்ப் பாட்டையும் ஆட்டுப் பாட்டையும் குழு 1974 முதலே வேறு பெயர்களில் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தது. பாட்டுகளை எழுதிய ரோஜர் வாட்டர்ஸ் ஆர்வெல் சட்டகத்தைப் பிறகுதான் மேலே பொருத்தினார். அதனால் பொருந்தாத இடங்கள் நிறைய. ஆர்வெல் தாக்கியது ஸ்டாலினின் ரஷ்யாவை. வாட்டர்ஸ் தாக்குவது வியாபாரப் போட்டியில் ஊறிய பிரிட்டனை. ஆர்வெல்லின் ஆடுகள் கடைசிவரை சொல்லிக் கொடுத்ததைக் கத்தும். வாட்டர்ஸின் ஆடுகள் திரும்பி நாய்களைக் கொல்லும். படித்தவர்களை அழவைக்கும் பாக்ஸர் குதிரைக்கு ஆல்பத்தில் இடமே இல்லை. அது ஒரு குறைதான் என்பேன். உழைத்து உழைத்து நம்பிச் செத்துப்போகும் ஒருவனுக்கு அந்தக் கசப்பில் இடம் கிடைக்கவில்லை.

இந்த ஆல்பத்தின் அட்டைக்காக பாட்டர்சீ மின் நிலையத்தின் மேல் கட்டியிருந்த ராட்சதப் பன்றி பலூன், 1976 டிசம்பரில் கயிறு அறுந்து விமானப் பாதையில் மிதந்து போய்க் கென்ட் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் இறங்கியது. பன்றி கடைசியில் பண்ணைக்கே போய்ச் சேர்ந்ததை ஆர்வெல் ரசித்திருப்பார்.

படி 6: நடுவில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள்

பாட்டு நேராக நாவலிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கேட் புஷ் முதலில் பார்த்தது 1967ஆம் வருட பிபிசி தொடரின் கடைசிச் சில நிமிடங்கள். புத்தகம் அதற்குப் பிறகு. ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939) இன்னும் நீண்ட பாதை வந்தது. 1940இல் ஜான் ஃபோர்ட் அதைப் படமாக்கினார். படத்தைப் பார்த்த நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி அதே வருடம் கதையின் நாயகன் பெயரில் 'டாம் ஜோட்' என்று ஒரு நெடும்பாட்டு எழுதினார். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காமல் இரண்டு பாகமாக வெளியிட்டார்கள். 1995இல் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் 'தி கோஸ்ட் ஆஃப் டாம் ஜோட்' பாடினார். தலைமறைவாகப் போகும் டாம் தன் அம்மாவிடம், பசித்தவர்கள் சண்டை போடும் இடத்திலெல்லாம் நான் இருப்பேன் என்று சொல்லும் 28ஆம் அத்தியாயப் பேச்சு அதன் கடைசிச் சரணம். இரண்டு வருடம் கழித்து ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் அதையே இரைச்சலோடு பாடியது. ஸ்ப்ரிங்ஸ்டீனிடம் டாம் வருவாரா என்று காத்திருக்கும் ஒருவன் முணுமுணுக்கிறான். இவர்களிடம் டாமே வந்து கதவை உடைக்கிறார். வரிகள் ஒன்றுதான். அடுத்தடுத்துக் கேளுங்கள்.

படி 7: அனுமதி கிடைத்ததா?

பாட்டு ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குச் சில சமயம் பதில் வக்கீல் கடிதத்தில் இருக்கும். டேவிட் போவி '1984' நாவலை இசை நாடகமாக்க நினைத்தார். ஆர்வெல்லின் மனைவி சோனியா மறுத்துவிட்டார். மிஞ்சிய பாட்டுகள் 1974இல் 'டயமண்ட் டாக்ஸ்' ஆல்பத்தில் போய்ச் சேர்ந்தன. அதில் 'வி ஆர் தி டெட்' என்ற தலைப்பு, நாவலின் காதலர்கள் வின்ஸ்டனும் ஜூலியாவும் மாடி அறையில் சொல்லும் வாக்கியம். அடுத்த நொடி சுவரில் உள்ள படத்தின் பின்னாலிருந்து ஓர் இரும்புக் குரல் அதையே திருப்பிச் சொல்லும்.

அயர்ன் மெய்டன் 'டியூன்' நாவலை வைத்து எழுதிய பாட்டுக்கு அந்தப் பெயரையே வைக்க அனுமதி கேட்டது. நாவலை எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட்டுக்கு ராக் குழுக்களே பிடிக்காது, அதிலும் இந்த மாதிரிக் குழுக்கள் சுத்தமாகப் பிடிக்காது என்று அவருடைய முகவர் தரப்பிலிருந்து பதில் வந்தது. 1983இல் பாட்டு 'டு டேம் எ லாண்ட்' என்று வெளிவந்தது.

கேட் புஷ்ஷுக்கும் இது நடந்தது. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' (1922) நாவலின் முடிவில் மாலி ப்ளூம் தனக்குள் பேசும் வரிகளை அப்படியே பாட விரும்பினார். ஜாய்ஸ் உரிமைதாரர்கள் மறுத்தார்கள். தானே வேறு வரி எழுதி 1989இல் 'தி சென்ஷுவல் வேர்ல்ட்' பாடினார். மாலி புத்தகத்தின் பக்கங்களை விட்டு வெளியே நிஜ உலகத்துக்கு வருவதாக அதை எழுதினார். 2011இல் அனுமதி கிடைத்ததும் ஜாய்ஸின் சொற்களையே வைத்து 'ஃப்ளவர் ஆஃப் தி மவுன்டன்' என்று மறுபடி பாடினார். எனக்கு மறுப்பால் பிறந்த பழையதுதான் பிடிக்கும்.

படி 8: எங்கே தொடங்குவது?

ஆலிஸும் 'வைட் ராபிட்' பாட்டும் முதலில். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும். அடுத்து 'விலங்குப் பண்ணை', 'அந்நியன்' இரண்டும், தமிழிலேயே படிக்கலாம். பிறகு 'வுதரிங் ஹைட்ஸ்'. யோசித்துக்கொண்டே இருந்தால் எப்போதும் படிக்க மாட்டோம், மூன்று அத்தியாயம் படித்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள், அதுவே உங்களை மிச்சத்துக்கு இழுத்துப் போகும். புல்ககோவ் அதற்கப்புறம்.

'மோபி டிக்' கடைசியில். 1851இல் வந்த அந்தத் தடிப் புத்தகத்துக்கு ராக்கில் இரண்டு நேரெதிர் வாசிப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவின் மாஸ்டடான் குழு 2004இல் வெளியிட்ட 'லெவியாதன்' வேட்டையை எடுத்துக்கொண்டது. 36ஆம் அத்தியாயத்தில் கேப்டன் ஏஹப் கப்பல் மரத்தில் தங்கக் காசை ஆணியடித்து, வெள்ளைத் திமிங்கிலத்தை முதலில் பார்ப்பவனுக்கு இது என்று மாலுமிகளை வெறியேற்றுகிறான். அதைப் படித்துவிட்டு அந்த ஆல்பத்தின் 'ப்ளட் அண்ட் தண்டர்' பாட்டைக் கேட்டால் டிரம்ஸ் எதைத் துரத்துகிறது என்று புரியும். ஜெர்மனியின் அஹாப் குழு, பெயரிலேயே கேப்டனை வைத்திருப்பவர்கள், 2006இல் 'தி கால் ஆஃப் தி ரெச்சட் சீ' ஆல்பத்தில் அதே நாவலைத் தாங்க முடியாத மெதுவில் வாசித்தார்கள். அதில் துரத்தல் இல்லை. நாள்கணக்கில் எதுவும் நடக்காத கடல்தான் இருக்கிறது. திமிங்கிலத்தின் மண்டை ஓட்டையும் கொழுப்பையும் பற்றி மெல்வில் பக்கம் பக்கமாக எழுதும் அத்தியாயங்களை நாம் தாண்டிப் போய்விடுவோம் அல்லவா, அவற்றைப் படிக்கும்போது அஹாப் ஓடட்டும். 36ஆம் அத்தியாயத்துக்கும் கடைசி மூன்று அத்தியாயங்களுக்கும் மாஸ்டடான் போதும்.